ஆறு தடவை மருந்தடித்தும் கரப்பான் திரும்பி வருகிறது, என்ன செய்ய?

9 ஜூன் 2024, வாசகர் கேள்வி

வேளச்சேரியில் மூன்று மாடிக் கட்டடம், எங்களுடையது இரண்டாவது மாடி. ஒரே வருடத்தில் ஆறு தடவை ஆள் வைத்து மருந்தடித்தாயிற்று. பத்து நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி. ராத்திரி சமையலறை விளக்கைப் போட்டால் மேடை முழுக்க ஓட்டம். எல்லாம் சாக்கடை வழியாக வருகிறது, கட்டியவர் குழாயைச் சரியாகப் போடவில்லை என்கிறார் என் கணவர். உண்மையா? வீட்டையே மாற்றிவிடலாமா?

9 ஜூன் 2024, இரவு 10.40

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. கரப்பானுக்கு வீடு சாக்கடை. நம் சமையலறை அதற்கு ஓட்டல். குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் இடத்தில் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் கிண்ணம் மாதிரி நானி ட்ராப் இருக்கும். அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் பூட்டு. ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் தண்ணீர் வற்றிப் பூட்டு திறந்து கிடக்கும். புழங்காத பாத்ரூம் இருந்தால் முதலில் அங்கே ஒரு வாளி ஊற்றுங்கள். சிங்க்கிலிருந்து போகிற குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சுற்றிலும் ஓட்டை இருக்கும், ஒயிட் சிமெண்டால் அடையுங்கள். முடிந்தது கதை. வீடு மாற்ற வேண்டாம்.

10 ஜூன், காலை

"முடிந்தது கதை" என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கரப்பான் எவ்வளவு பெரியது என்று நேற்றே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ராத்திரி படுத்த பிறகு உறைத்து, எழுந்து கேட்டேன். பதில்: "சுண்டுவிரல் நகம் அளவு. வெளிர் பழுப்பு. பறப்பதில்லை. குஞ்சுகள் கறுப்பாக, எறும்பு மாதிரி."

அப்படியென்றால் நான் எழுதியது முழுக்க வேறு பூச்சிக்கான வைத்தியம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு கரப்பான்தான். பெரியது செம்பழுப்பு நிறம், ஒன்றரை அங்குலம் வரை வளரும், தலையை மூடியிருக்கும் கேடயத்தின் ஓரத்தில் மஞ்சள் வளையம். மழைநாளில் பறந்து வந்து முகத்தில் மோதுகிறதே, அதுதான். அமெரிக்கக் கரப்பான் என்று பெயர், பூர்வீகம் ஆப்பிரிக்கா. சாக்கடையும், கழிவுநீர்க் குழாய்கள் சேரும் சேம்பர் தொட்டியும் அதன் குடியிருப்பு. வீட்டுக்குள் வருவது இரை தேடி, அல்லது வழி தவறி. சின்னது ஜெர்மன் கரப்பான். அரை அங்குலம்தான். கேடயத்தில் நெடுக்காக இரண்டு கறுப்புக் கோடு. இறக்கை இருந்தும் பறக்காது. சாக்கடை அதற்குப் பிடித்த இடமே இல்லை. உங்கள் சமையலறையிலேயே பிறந்து, அங்கேயே குடும்பம் நடத்தி, அங்கேயே சாகிறது. அதைப் போய் வெளியிலிருந்து "வருகிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பூச்சி கண்ணில் படவில்லை என்றால் எச்சத்தைப் பாருங்கள். பெரியதன் எச்சம் சின்ன எலிப் புழுக்கை மாதிரி, ஆனால் முனை மழுங்கி, நெடுக்கே வரி ஓடும். சின்னதன் எச்சம் மிளகுத்தூள் தூவியது போல இருக்கும், ஈரம் பட்ட இடத்தில் மைப்புள்ளி போலத் தெரியும். கப்போர்டு கீல், ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர், மேடைக்கு அடியில் கல் சேருகிற இடுக்கு. டார்ச் அடித்துப் பாருங்கள்.

முட்டைப்பையிலும் வித்தியாசம் உண்டு. பெரியது ஏறக்குறைய 16 முட்டை உள்ள பையைப் புளியங்கொட்டை நிறத்தில் ஒரு மூலையில் ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும். சின்னது 30, 40 முட்டை உள்ள பையை, பொரிக்கும் நேரம் நெருங்கும் வரை வாலிலேயே சுமந்து திரியும். குஞ்சு பெரிதாகி முட்டையிட நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதம் போதும். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள், நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

10 ஜூன், மதியம்

பெயரைப் பற்றி ஒரு விஷயம். ஜெர்மனி என்று பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு உயிரியல் அறிஞர் லின்னேயஸ், 1767இல். போன மாதம் வந்த மரபணு ஆய்வில் 17 நாடுகளிலிருந்து 281 கரப்பான்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய 2,100 வருடத்துக்கு முன்னால் இந்தியாவிலோ மியான்மரிலோ, ஆசியக் கரப்பான் என்கிற காட்டுப் பூச்சியிலிருந்து பிரிந்து மனிதரோடு ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். நம் கணக்கில் சங்ககாலம். அப்புறம் மேற்கே போய், ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி, உலகம் சுற்றி, ஜெர்மன் பெயரோடு திரும்பி வந்து நம் மிக்ஸிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஃபாரின் ரிட்டர்ன்.

11 ஜூன்

"செருப்பு இருக்கும்போது மருந்து எதற்கு" என்கிறார் ஒருவர். பெரிய கரப்பானின் பின்பக்கம் இரண்டு சின்ன வால் உண்டு, அதில் மயிர்கள். செருப்பு இறங்கும்போது அதற்கு முன்னால் காற்று தள்ளப்படுகிறதே, அந்தக் காற்று பட்டதுமே கால் ஓட ஆரம்பித்துவிடும், மூளையைக் கேட்டுக்கொண்டிருக்காது. வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வரை, 1991இல் அளந்திருக்கிறார்கள். ஓட்டைச் செருப்பால் அடித்துப் பாருங்கள், காற்று வெளியே போய்விடும். இது ஆய்வு இல்லை, என் சித்தப்பா சொன்னது.

16 ஜூன்

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு என் சமையலறையைப் பார்க்காமல் இருப்பது நன்றாக இல்லை என்று நேற்று ராத்திரி 2 மணிக்கு டார்ச்சோடு போனேன். மடிப்பாக்கத்தில் 12 வீடுள்ள கட்டடம், எங்களுடையது முதல் மாடி. போன வருடம் மே மாதம் குடிவந்தோம். "எங்களுக்கு அவ்வளவாக இல்லை" என்று இங்கேயே பெருமையாக எழுதியிருக்கிறேன், தேடினால் கிடைக்கும்.

சிங்க்குக்குக் கீழ் கதவைத் திறந்தேன். கீலிலிருந்து பன்னிரண்டு பதிமூன்று இறங்கி ஓடின. சின்னது. இரண்டு கோடு.

காரணம் எனக்குத் தெரியும். கீழே தரைத்தளத்தில் ஒரு மெஸ். எண்ணெய்ப் புகை, எச்சில் இலை, ராத்திரி 11 மணிக்குப் பாத்திரம் கழுவுகிற சத்தம். அவர்கள் குழாயும் எங்கள் குழாயும் ஒரே டக்டில் (குழாய்களுக்கென்று விட்ட சந்து) ஏறுகின்றன. வேறு என்ன வேண்டும்? காலையில் மெஸ்காரரிடம் போய்க் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, இங்க நான் ஒம்பது வருசமா இருக்கேன். நீங்க வந்ததுக்கப்புறம்தான் பைப்பு வழியா மேலேருந்து இறங்குது."

திமிர் என்று நினைத்தேன்.

18 ஜூன்

தலையை வெட்டினாலும் கரப்பான் ஒரு வாரம் உயிரோடு இருக்குமா என்று கேட்டவருக்கு: இருக்கும். மூச்சு உடம்பின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகத்தான் போகிறது, மூக்கு வாய் தேவையில்லை. கடைசியில் தண்ணீர் குடிக்க முடியாமல் சாகும். நீங்கள் ஏன் தலையை வெட்டுகிறீர்கள் என்பதைத் தனியாகப் பேசுவோம்.

30 ஜூன்

மெஸ் மேல் புகார் கொடுக்க ஆதாரம் வேண்டும் என்று எட்டு ஒட்டுப்பொறி அட்டை வாங்கி மூன்று ராத்திரி வைத்தேன். கணக்கு:

டக்ட் பக்கத்துச் சுவர், குழாய் நுழையும் இடம்: 2
சிங்க்குக்குக் கீழ்: 9
ஃபிரிட்ஜ் பின்னால், கம்ப்ரசர் பக்கம்: 11
கேஸ் அடுப்புக்குக் கீழ்: 4
மளிகை அலமாரி: 1
குளியலறை: 0
பால்கனி: 0
குடிதண்ணீர் ஆர்.ஓ. மெஷினுக்குக் கீழே: 47

நாற்பத்தேழில் பெரும்பாலும் குஞ்சு. குஞ்சு அதிக தூரம் போகாது, பிறந்த இடத்தைச் சுற்றியே இருக்கும். குஞ்சு நிறைய விழுகிற அட்டைக்குப் பக்கத்தில்தான் கூடு.

டக்டில் வெறும் இரண்டு. மெஸ்ஸிலிருந்து படையெடுப்பு என்றால் அங்கேதான் குவிந்திருக்க வேண்டும்.

2 ஜூலை

இதை எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

ஆர்.ஓ. சர்வீஸ் தம்பியை வரவழைத்து முன்மூடியைக் கழற்றினோம். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர், எந்நேரமும் வெதுவெதுப்பு. பக்கத்தில் பம்ப், இணைப்புகளில் வியர்வை மாதிரி ஈரம். இருட்டு. சூடு, தண்ணீர், இடுக்கு மூன்றும் ஒரே பெட்டியில். கரப்பானுக்கு ஒருவர் ஆர்டர் கொடுத்துக் கட்டியது போல இருந்தது. உள்பக்கம் முழுக்க மிளகுத்தூள், உரித்த சட்டைகள், காலி முட்டைப்பைகள், எண்ணெய்ச் சிக்கு வாடை. சர்வீஸ் தம்பி அசரவில்லை. "நிறைய வீட்ல இப்படித்தான் சார்" என்று பிரஷ் எடுத்தார்.

அந்த ஆர்.ஓ. பழைய வீட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது. பழைய வீட்டில் கரப்பான் உண்டு, அதற்காகவும்தான் மாறினோம். அதாவது கரப்பானிடமிருந்து தப்பிக்கக் கரப்பானையே பெட்டியில் போட்டு, லாரி வாடகை கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறேன். இங்கே கூட்டம் பெருகி, டக்ட் வழியாகக் கீழே மெஸ்ஸுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போயிருக்கிறது. 16ஆம் தேதிக் குறிப்பை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

சாயங்காலம் மெஸ்ஸுக்குப் போனேன். "அண்ணே, நீங்க சொன்னது சரி" என்றேன். இரண்டு இட்லி வைத்து "சாப்பிடுங்க தம்பி" என்றார். காசு வாங்கவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது.

7 ஜூலை

வேளச்சேரி அம்மா, உங்கள் ஆறு தடவைக்கு வருகிறேன். ஆறு தடவை அடித்தும் போகவில்லை என்கிறீர்கள். அடித்ததுதான் கோளாறோ என்று நினைக்கிறேன்.

மேலே அடிக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு என்கிற ரசாயன வகை. நேராகப் பட்டால் சாகும். படாதவை எரிச்சலில் சிதறி, இன்னும் ஆழமான இடுக்குக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். முட்டைப்பைக்குள் மருந்து இறங்காது. மூன்று வாரத்தில் பொரித்து வெளியே வரும்போது மருந்தின் வீரியம் பாதி போயிருக்கும். அதோடு தலைமுறை தலைமுறையாக இந்த மருந்தைத் தாங்கிப் பழகிய கூட்டம் இது. புகைக் குண்டு மாதிரி டப்பாவைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்துகிற முறையையும் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் குடியிருப்புகளில் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள்: கரப்பான் குறையவில்லை, தரையிலும் மேடையிலும் விஷம் படிந்ததுதான் மிச்சம்.

வேலை செய்வது ஜெல். சிரிஞ்சில் வரும் பசை, உள்ளே இமிடாகுளோப்ரிட் 2.15% அல்லது ஃபிப்ரோனில் 0.05%. தின்ற கரப்பான் உடனே சாகாமல் கூட்டுக்குப் போய்ச் சாகும். குஞ்சுகள் வெளியே வராமல் பெரியவற்றின் எச்சத்தையும் பிணத்தையும் தின்று வளர்கிறவை, அதனால் அவற்றுக்கும் பங்கு போய்விடும். கேட்க அருவருப்பாக இருக்கும். நமக்கு வசதி.

வைக்கிற விதம் முக்கியம். மிளகு அளவுப் பொட்டு, நிறைய இடத்தில். பட்டாணி அளவில் நாலு இடத்தில் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்றால் ஜெல் என்ன பண்ணும்? கீலுக்குள், டிராயர் தண்டவாளத்தில், மேடைக்கு அடியில், எச்சப்புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே. ஸ்ப்ரே அடித்த இடத்தில் வைக்காதீர்கள், வாடைக்குக் கிட்டேயே வராது. ஜெல் வைத்த பிறகு ஸ்ப்ரேயும் கூடாது. என் மனைவி பழக்கதோஷத்தில் இரண்டாம் நாளே சிவப்பு டப்பாவை எடுத்துவிட்டாள், ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பவும் துடைத்து வைக்க வேண்டியதாயிற்று.

ஆர்.ஓ.வுக்குள் எந்த மருந்தும் இல்லை, குடிக்கிற தண்ணீர். பிளக்கைப் பிடுங்கி, கழற்றி, பிரஷ் போட்டு, துடைத்து, ஜெல் பொட்டுகளைச் சுவரில் அது மாட்டியிருந்த பலகையின் வெளியோரத்தில் மட்டும் வைத்தேன்.

14 ஜூலை

ஆர்.ஓ. அட்டை, மூன்று ராத்திரி: 12. முன்பு 47.

21 ஜூலை

வீட்டு வைத்தியம் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

பிரிஞ்சி இலை: அலமாரியில் பத்து இலை வைத்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்தபோது இலை மேலேயே எச்சம். வேப்பிலை, வெள்ளரித்தோல்: அதே கதி.

பாச்சை உருண்டை: தெற்கே கரப்பானுக்குப் பாச்சை என்றே பெயர், அதை விரட்டும் என்றுதான் உருண்டைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மூடிய பெட்டிக்குள் துணியைக் காப்பாற்றும். சிங்க்கில் போட்டால் சிங்க் மணக்கும். குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போடுகிற ஆபத்து வேறு. (யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டார், கரப்பொத்தானும் இதுவும் ஒன்றுதானே என்று. ஒன்றுதான்.)

போரிக் பவுடர்: இது மட்டும் நிஜமாகவே வேலை செய்யும். கேரம் போர்டில் தூவுகிறோமே, அது. அம்மா தீபாவளிக்கு முன்னால் மைதா, சர்க்கரை, போரிக் மூன்றையும் பிசைந்து உருண்டை பிடித்து அலமாரிக்குப் பின்னால் போடுவாள். மெதுவாகத்தான் கொல்லும், வாரக்கணக்கு ஆகும். பவுடராகத் தூவுவதானால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மெல்லிசாக; குவித்தால் மணல்மேட்டைச் சுற்றிப் போகிற மாதிரி சுற்றிப் போய்விடும். தவழும் குழந்தை, நாய், பூனை இருக்கும் வீட்டில் தரையில் வேண்டாம்.

அதற்கும் முந்தி எங்கள் தாத்தா வீட்டில் காமாக்ஸின் பவுடரைக் கை நிறைய அள்ளித் தூவுவார்கள், நாங்கள் பக்கத்திலேயே விளையாடுவோம். அதில் இருந்த பி.எச்.சி. என்கிற பூச்சிமருந்தை 1997இல் இந்தியாவில் தடை செய்தார்கள். கரப்பான் தாத்தா வீட்டில் கடைசி வரை இருந்தது.

4 ஆகஸ்ட்

ஆர்.ஓ. அட்டைக் கணக்கு ஐந்து ஆறில் வந்து நின்றுவிட்டது. ஜெல் பொட்டுகள் வைத்தது வைத்தபடி, யாரும் தொடவில்லை.

1980களில் அமெரிக்காவில் இனிப்புக்குக் குளுக்கோஸ் சேர்த்த விஷத்தீனி நன்றாக வேலை செய்தது. சில வருடத்தில் ஃபுளோரிடாவில் ஒரு கூட்டம் அதைத் தொடுவதை நிறுத்திவிட்டது. குளுக்கோஸே பிடிக்காத கரப்பான் என்று பூச்சி ஆய்வாளர் ஜூல்ஸ் சில்வர்மன் 1993இல் எழுதினார். காரணம் 2013இல் தெரிந்தது: அந்தக் கரப்பான்களின் நாக்குக்கு, நாக்கு என்று சொல்வோம், குளுக்கோஸ் பட்டால் கசப்பு நரம்பு துடிக்கிறது. இனிப்பே கசந்துபோகிறது. தின்றவை செத்தன, தின்னாதவை குடும்பத்தைப் பெருக்கின.

5 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைக் கொஞ்சம் இறக்கிப் படியுங்கள். என் வீட்டுக் கரப்பானுக்கும் அதே என்று சொல்லிவிட முடியாது. இன்று தொட்டுப் பார்த்தேன், அடுப்புப் பக்கத்துப் பொட்டுகள் காய்ந்து கல்லாகியிருந்தன. ஒரு மாதமாக மாற்றவே இல்லை. பெரிய பெரிய ஆராய்ச்சிக்கு முன்னால் ஜெல் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். சுரண்டிவிட்டு, வேறு மருந்து உள்ள ஜெல்லாகவே மாற்றி வைத்தேன். இரண்டும் சேர்த்துச் செய்ததால் எது வேலை செய்தது என்று இனி கண்டுபிடிக்கவும் முடியாது.

25 ஆகஸ்ட்

அசோசியேஷன் கூட்டம். ஒரு வீட்டில் மட்டும் செய்தால் டக்ட் வழியாகத் திரும்ப வரும், 12 வீட்டிலும் மெஸ்ஸிலும் ஒரே வாரத்தில் ஜெல் வைப்போம் என்றேன். லிஃப்ட் செலவு பேசவே ஒரு மணி நேரம் போனது. கரப்பான் கடைசி ஐட்டம்.

மூன்றாம் மாடி மாமி: "எங்காத்துல கரப்பானே கிடையாது." செக்ரட்டரி சாரும் அதே. விவாதம் பண்ணாமல் ஆளுக்கு இரண்டு அட்டை கொடுத்தேன். மூன்றாம் நாள் மாமி கதவைத் தட்டி, அட்டையைக் காட்டாமல், "எப்ப வைக்கறேள்?" என்றார். செக்ரட்டரி சார் எதுவும் சொல்லவில்லை, பட்டியலில் அவர் வீட்டு எண்ணை அவரே எழுதியிருந்தார்.

ஒரு வீட்டில் உயிர்க்கொலை கூடாது என்றார்கள். வற்புறுத்தவில்லை. அவர்கள் பங்குக்குக் குழாய் ஓட்டைகளை எல்லாம் அடைத்து, ராத்திரி சிங்க்கைத் துணியால் துடைத்துக் காயவைக்க ஒப்புக்கொண்டார்கள். இதையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சாப்பாடு இல்லாமல் சின்னக் கரப்பான் வாரக்கணக்கில் தாங்கும். தண்ணீரும் சேர்ந்து இல்லாவிட்டால் இரண்டு வாரம் தாங்காது.

எல்லோரையும்விட ஒழுங்காகச் செய்தவர் மெஸ் அண்ணன். அட்டைப்பெட்டிகளை அன்றன்றே வெளியே போட்டுவிட்டார். அட்டையின் நெளிவுக்குள் முட்டைப்பை வரும் என்று நான் சொல்வதற்கு முன்னால் அவருக்கே தெரிந்திருந்தது.

8 செப்டம்பர்

வேளச்சேரி அம்மாவின் மகனுக்கு வீசிங் இருக்கிறதாம், ஏழு வயது. கரப்பானுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்கிறார். உண்டு. அமெரிக்க நகரங்களின் ஏழ்மையான பகுதிகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளை வைத்து 1997இல் ஓர் ஆய்வு வந்தது. கரப்பான் ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறைத் தூசியில் கரப்பான் புரதமும் நிறைய இருந்த குழந்தைகளே அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எச்சம், எச்சில், உரித்த சட்டை எல்லாம் பொடியாகித் தூசியில் கலக்கும். பூச்சி செத்த பிறகும் அது இருக்கும். காய்ந்த விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், பறக்கும். ஈரத்துணி, சோப்புத் தண்ணீர். பையனை அடுத்த அறையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள், டாக்டரிடமும் சொல்லிவையுங்கள்.

சோப்பால் துடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எச்சத்தின் வாடைதான் மற்றக் கரப்பான்களுக்கு "இங்கே வாருங்கள்" என்கிற பலகை. அந்த வாடையை உண்டாக்குவது அதன் குடலில் இருக்கும் பாக்டீரியா.

22 செப்டம்பர்

எட்டு அட்டையிலும் 0. சந்தேகமாக இருந்ததால் அட்டையை மாற்றி வைத்தேன். மறுபடி 0.

17 அக்டோபர்

மூன்று நாள் மழை. ராத்திரி குளியலறையில் ஐந்து பெரிய கரப்பான், ஒன்று பறந்தது. மாமி போனில், "உங்க ஜெல் வேலை செய்யலை!"

இது வேறு கட்சி மாமி. பாதாளச் சாக்கடை நிரம்பினால் அதில் குடியிருக்கிற பெரியதுகள் மேடு தேடி ஏறும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது படிக்கட்டு முழுக்க இருந்தது ஞாபகம் இருக்கும். இதற்குத்தான் ஜூன் 9ஆம் தேதி நான் சொன்ன வைத்தியம்: ட்ராப்பில் தண்ணீர், ஜாலிக்கு மூடி, சேம்பர் மூடியின் உடைந்த ஓரத்தைப் பூசுவது, வாசல்கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. பதில் சரிதான், கேள்விதான் நாலு மாதம் கழித்து வந்திருக்கிறது.

15 நவம்பர்

குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தி. இன்று கரப்பான் பற்றி வேடிக்கையாக எழுத மனம் வரவில்லை.

ஒன்று மட்டும். என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை மணி நேரம் கழித்து அறைக்குள் போகலாம் என்று எழுத்தில் தராத ஆளை உள்ளே விடாதீர்கள். டப்பாவில் பதிவு எண்ணும் முக்கோண நிறமும் இருக்க வேண்டும்: சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. லேபிள் இல்லாத பாட்டிலில் வருவது, வயலுக்கு அடிப்பதை வீட்டுக்குக் கொண்டுவருவது, ரயிலில் விற்கிற பூச்சிமருந்துச் சாக்பீஸ், எதுவும் வேண்டாம். மருந்து வைத்த அறையில் கதவைச் சாத்தி ஏசி போட்டுப் படுக்காதீர்கள்.

12 டிசம்பர்

ஜன்னல் பக்கம் ஒரு கறுப்புப் பூச்சி, குளவி மாதிரி, பின்பக்கம் சின்னக் கொடி போல மேலும் கீழும் ஆடுகிறது, கடிக்குமா என்று படம் அனுப்பியிருக்கிறார்கள். அடிக்காதீர்கள். அது பெரிய கரப்பானின் முட்டைப்பைக்குள் தன் முட்டையை வைக்கிற குளவி. அதன் புழு அத்தனை கரப்பான் முட்டையையும் தின்றுவிட்டு வெளியே வரும். நம்மை ஒன்றும் செய்யாது. வீட்டில் அது தெரிகிறது என்றால் எங்கோ பெரிய கரப்பானின் முட்டையும் இருக்கிறது என்று அர்த்தம், அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பதை நீங்களே முடிவு பண்ணுங்கள்.

19 ஜனவரி 2025

பொங்கல் சுத்தத்தில் அட்டைகள்: சமையலறை 0, டக்ட் 1, மெஸ் 0. அந்த ஒன்றைத் தேடிப் போனால், இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்த பையன்கள், பழைய மைக்ரோவேவ். செக்ரட்டரி சார் ஜெல் சிரிஞ்சோடு அவரே மேலே போனார்.

2 பிப்ரவரி

வேளச்சேரி அம்மா எழுதியிருக்கிறார். ஜெல் வைத்தாராம், பாதிக்கு மேல் குறைந்ததாம், ஆனால் மற்ற வீட்டுக்காரர்கள் யாரும் சேரவில்லை. வெறுத்துப்போய் வீடே மாறிவிட்டார்கள். பெருங்குடியில் புதுக் கட்டடம், நேற்று சாமான் இறங்கிவிட்டது, நாளை காலை பால் காய்ச்சுகிறார்களாம்.

அம்மா, ஃபிரிட்ஜ், மிக்ஸி, மைக்ரோவேவ் எல்லாம் பழையதுதானே? பால் அப்புறம் காயட்டும். முதலில் ஆர்.ஓ. மூடியைக் கழற்றுங்கள்.